இஸ்திரியக்காவின் பல்

மாரிகுப்பத்திலிருந்து பெங்களூருக்குப் போகும் காலை வண்டியில், பெண்கள் பெட்டியில், எப்படியும் ஒரு ஜன்னல் ஷட்டர் பாதியில் சிக்கிக்கொண்டிருக்கும். மழைக்காலத்துச் சாரலும் மார்கழிப் பனியும் அந்த இடைவெளி வழியாக நேராக எங்கள் மடிக்கு வந்து சேரும். நாங்கள் ஆளுக்கொரு தடவை இழுத்துப் பார்ப்போம். வண்டியைத் திட்டுவோம். பிறகு துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டு கோரமண்டல் ஸ்டேஷனுக்காகக் காத்திருப்போம்.

கோரமண்டலில் இஸ்திரியக்கா ஏறுவாள். தோள்பையைக்கூட இறக்கி வைக்க மாட்டாள். ஒரே கையால் ஷட்டரின் மேல் விளிம்பைப் பிடித்து ஒரு அமுக்கு அமுக்குவாள். டமார் என்று அது இறங்கி உட்கார்ந்துவிடும். அப்புறம் அதைத் தூக்குவது யாராலும் ஆகாது.

"அமுக்கிப் புடிச்சாத்தான் எதுவும் நிக்கும்" என்று சொல்லிக்கொண்டே என் பக்கத்தில் உட்காருவாள். நான் தானாகவே ஒரு சாண் நகர்ந்துகொள்வேன். அவள் உட்காருவதும் அப்படித்தான் இருக்கும்.

அவளுக்கு ஒரு பெயர் இருந்தது. பெட்டியில் யாருக்கும் அது தேவைப்படவில்லை. ஒயிட்ஃபீல்டு பக்கம் ஒரு கார்மென்ட்ஸ் கம்பெனியில் துணிக்கு இஸ்திரி போடும் பிரிவில் இருந்தாள், அதனால் இஸ்திரியக்கா. நான் அப்போது கிருஷ்ணராஜபுரத்தில் ஒரு லாரி ஆபீசில் பில் போடும் வேலையில் இருந்தேன். இப்போது வேலை மாறி, பஸ்ஸில் கோலாருக்குப் போகிறேன். அந்த வண்டியை விட்டுச் சில வருஷங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் எங்காவது ஒரு கதவு டமாரென்று சாத்தப்பட்டால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அவள்தான்.

அவள் கைப்பட்ட எதுவும் லேசில் பிழைக்காது. அவள் மூடிக்கொண்டு வரும் டிபன் பாக்ஸை அவளைத் தவிர வேறு யாராலும் திறக்க முடியாது. ஒருமுறை என் ஊறுகாய் பாட்டிலை அவள் அன்பாக மூடிக் கொடுத்தாள். ஒரு வாரம் அந்த ஊறுகாயை வெளியிலிருந்து பார்த்துக்கொண்டே தயிர்சாதம் சாப்பிட்டேன். காய்ச்சலில் படுத்து எழுந்து வேலைக்குத் திரும்பிய நாளில் என் கையைப் பிடித்து, "இப்ப எப்டிம்மா கீது?" என்று கேட்டாள். காய்ச்சல் போயிருந்தது, கைதான் சாயங்காலம் வரைக்கும் வலித்தது. அவள் வீட்டுக்காரர் செக்யூரிட்டி வேலை பார்க்கும் சாதுவான மனிதர். அவருடைய சட்டைகளில் ஒரு பொத்தானுக்கும் இன்னொரு பொத்தானுக்கும் சம்பந்தமே இருக்காது. "துணி தோய்க்கிறது அவ. பொத்தான் தைக்கிறது நானு" என்பார். அதில் ஒரு குறையும் அவர் கண்டதாகத் தெரியவில்லை.

சிரிப்பும் அப்படியே. வாயை முழுதாகத் திறந்து, பளிச்சென்ற பல் அத்தனையும் தெரிய அவள் சிரித்தால், பக்கத்துப் பெட்டி வாசலில் நிற்கும் ஆண்கள் எட்டிப் பார்ப்பார்கள். அதற்கும் சேர்த்து ஒருமுறை சிரிப்பாள்.

இப்படிப்பட்டவள் தண்ணீர் குடிப்பது மட்டும் எனக்குப் பிடிக்காமல் இருந்தது. அண்ணாந்து, பாட்டிலை ஒரு முழம் உயரத்தில் பிடித்து, தொண்டைக்குள் நேராக ஊற்றிக்கொள்வாள். அவளுடைய பாட்டிலானாலும் அப்படித்தான், என்னுடையதானாலும் அப்படித்தான். வண்டி குலுங்கினால் பாதித் தண்ணீர் என் மேல் விழும். "வாய் வெச்சே குடிங்கக்கா, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றால், "பழக்கம்மா" என்று முடித்துவிடுவாள். அவர்கள் வீட்டில் பௌத்தர்கள். என் வீட்டில் காளியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவர்கள். ஆனால் இரண்டு பேருடைய தாத்தாவும் வேலூர்ப் பக்கத்திலிருந்து ஒரே தங்கச் சுரங்கத்துக்கு வேலைக்கு வந்தவர்கள்தான். என் வீட்டில் சாப்பிட்டிருக்கிறாள், என் தட்டிலிருந்து எடுத்தே சாப்பிட்டிருக்கிறாள். என் பாட்டிலில் மட்டும் வாய் வைக்க இவளுக்கு என்ன வந்தது என்று மனசுக்குள் ஒரு சின்ன கோபம் ரொம்ப நாள் இருந்தது.

மார்கழி வந்தால் இன்னொன்று. முந்தானையால் வாயை இறுக்கி மூடிக்கொள்வாள். பங்காருபேட்டை தாண்டி வெயில் ஏறும் வரைக்கும் பேச மாட்டாள். எதைக் கேட்டாலும் 'ம்' என்பாள். பெட்டியில் சிலர் அவளுக்கும் வீட்டுக்காரருக்கும் சண்டை என்றார்கள். அந்த மனிதரோடு சண்டை போடுவது எப்படி என்று எனக்குப் புரியவே இல்லை.

எல்லாம் வெளியே வந்தது ஒரு பானிபூரியால்.

பங்காருபேட்டை பானிபூரி எங்கள் பக்கத்தில் பிரசித்தம். மற்ற ஊர்களில் பச்சையாகக் கலங்கலாக இருக்கும் அந்தத் தண்ணீர், அங்கே குழாய்த் தண்ணீர் போலத் தெளிவாக இருக்கும். ஏமாந்து வாயில் போட்டால் காரம் காதுவரை ஏறும். லாரி ஆபீசில் என்னை வேலையில் நிரந்தரமாக்கிய அன்று சாயங்காலம், பங்காருபேட்டையில் மாறி ஏற வேண்டிய மாரிகுப்பம் வண்டி தாமதம். நான் வாங்கித் தருகிறேன் என்று அவளை இழுத்துக்கொண்டு போனேன். வழக்கமாக வயிறு சரியில்லை என்று நழுவிவிடுகிறவள் அன்றைக்கு என் சந்தோஷத்துக்காக வந்தாள். கடைக்காரர் அந்தத் தண்ணீரில் ஐஸ்கட்டி போட்டு வைத்திருந்தார்.

முதல் பூரியை வாயில் போட்டாள். அப்படியே நின்றுவிட்டாள். கண் இரண்டிலும் தண்ணீர் முட்டியது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, பக்கத்திலிருந்த என் தோளில் இன்னொரு கையை ஊன்றினாள். தோள்பட்டை கழன்று விழுந்திருக்க வேண்டியது.

"இன்னாக்கா, காரமா?"

"காரம் இல்லம்மா. பல்லு" என்றாள்.

பிளாட்பாரத்து பெஞ்சில் உட்கார வைத்தேன். யாரோ வீட்டு விஷயத்தைச் சொல்வதுபோல் சொன்னாள். குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூசும். ஜில்லென்ற காற்றுப் பட்டால் கூசும். மாங்காய் கடித்தால், சமயத்தில் பிரஷ் பட்டாலே, பல்லிலிருந்து மண்டைக்குள் கம்பி விட்டு இழுத்ததுபோல் இருக்கும். இரண்டு வருஷமாக இப்படி. அண்ணாந்து தண்ணீர் குடித்ததும், வாயை மூடிக்கொண்டு வந்ததும் அதனால்தான். எனக்கு அவமானமாகவும் இருந்தது, அவள் மேல் கோபமாகவும் வந்தது.

"டாக்டர்கிட்ட போலாமில்ல?"

"இன்னாத்துக்கு? இது எங்க வூட்டு ரத்தம். எங்கப்பாவுக்கு நாப்பது வயசுல கூச ஆரம்பிச்சுது, புடுங்கி செட்டு வெச்சாரு. அண்ணனுக்கும் அப்டித்தான். எங்க பெரியக்காவுக்கு மேல்வரிசை பூரா செட்டு. ராத்திரில எங்க வூட்டு ஜன்னல்ல பாத்தினா டம்ளர் டம்ளரா பல்லுங்கதான் உக்காந்துகினு இருக்கும். இப்ப என் முறை வந்துச்சு. பெரியக்கா பேசி வெச்சிட்டா. வர்ற மாசம் முன்பல்ல எடுக்கணும்."

அதைச் சொல்லிவிட்டு, அவள் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு தண்டவாளத்தைப் பார்த்தாள். அந்தக் கைகள் சும்மா இருந்து நான் அதுவரை பார்த்ததில்லை.

"வலிக்குமேன்னு பயமா?"

"வலி கெடக்குதும்மா. செட்டு வெச்சப்பறம் எங்கக்கா சிரிக்கிறதில்ல. கையால வாய மூடிக்கிறா, எங்க கழண்டு வுழுந்துடுமோன்னு. எனக்கு என் பல்லு வேணும்மா. என் பல்லோடதான் நான் சிரிக்கணும்."

அவள் அழவில்லை. மறுநாளே இரண்டு பேரும் அரை நாள் லீவு போட்டோம். வரமாட்டேன் என்றவளைக் கையைப் பிடித்து இழுத்தேன் என்று எழுத ஆசைதான். அவள் கையை யார் இழுக்க முடியும்? கெஞ்சித்தான் கூட்டிப்போனேன்.

கோலார் அரசு ஆஸ்பத்திரியில் பல் டாக்டர் ஒரு பெண். கன்னடம் பாதி, எங்களுக்காக வரவழைத்துக்கொண்ட தமிழ் பாதியாகப் பேசினாள். நாற்காலியில் சாய்த்து, விளக்கைப் போட்டு, ஒவ்வொரு பல்லாகத் தட்டிப் பார்த்தாள். காற்றை லேசாக ஊதிப் பார்த்தபோது இஸ்திரியக்கா பிடித்த பிடியில் நாற்காலியின் கைப்பிடி முனகியது.

"சொத்தை இல்ல. பல்லு ஆடவும் இல்ல" என்றாள் டாக்டர். "எது வெச்சு பிரஷ் பண்றீங்க?"

இஸ்திரியக்கா பெருமையாகத் தோள்பையைத் திறந்து பிரஷ்ஷை எடுத்தாள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கம்பெனியிலும் தேய்க்கிறவள், அதனால் எப்போதும் பையில் இருக்கும். அதன் முடியெல்லாம் நாலாபக்கமும் படுத்துக் கிடந்தது. தேய்ந்துபோன துடைப்பத்துக்கும் அதற்கும் வித்தியாசமில்லை.

"இது எத்தனை வருஷம் ஆச்சு?"

"போன வாரம் வாங்கனேன் மேடம். இருக்கறதுலயே கெட்டியானது கேட்டு வாங்கனது."

டாக்டர் பிரஷ்ஷைப் பார்த்தாள், அவள் கையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். தேய்ப்பது எப்படி என்று காட்டச் சொன்னாள். இஸ்திரியக்கா பிரஷ்ஷை முஷ்டியில் பிடித்து, முழங்கையை உயர்த்தி, காற்றில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுத்துக் காட்டினாள். மரம் அறுப்பவர்கள் அப்படித்தான் செய்வார்கள்.

"ஐயோ" என்றாள் டாக்டர்.

அப்போதுதான் அந்த வீட்டுச் சட்டம் வெளியே வந்தது. அவள் அப்பா சுரங்கத்தில், அண்டர்கிரவுண்டில் வேலை செய்தவர். ஷிப்ட் முடிந்து கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏறி மேலே வந்தால் பல்லிடுக்கெல்லாம் கல்தூள் நறநறக்குமாம். சுரங்கத்து மண்ணோடு வீட்டுக்குள் வரக் கூடாது என்பது அவர் வைராக்கியம். சுரங்கத் தொழிலாளிகளுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீட்டுப் பொதுக் குழாயடியில் நின்று, உப்பும் கரித்தூளும் போட்டுத் தேய் தேயென்று தேய்த்துவிட்டு, ஈர விரலால் பல்லை ஒரு இழுப்பு இழுப்பார். 'கீச்' என்று சத்தம் வர வேண்டும். வந்தால்தான் சுத்தம். பிள்ளைகளுக்கும் அதே சட்டம். காலையில் வரிசையாக நிற்க வைத்து, குனிந்து காது கொடுத்துக் கேட்பார். சத்தம் வராதவர்கள் இன்னொரு தபா தேய்க்க வேண்டும். சுரங்கம் மூடியாயிற்று, அப்பாவும் போய்ச் சேர்ந்தாயிற்று. கரித்தூள் போய் பேஸ்ட் வந்தது. கீச் மட்டும் போகவில்லை.

"கூசுதுன்னா உள்ள அழுக்கு நின்னுபோச்சுன்னு அர்த்தம்னு அப்பா சொல்லுவாரு மேடம். அதான் கூசக் கூச இன்னும் அமுக்கித் தேச்சேன்" என்றாள்.

டாக்டர் ஒரு கண்ணாடியை அவள் கையில் கொடுத்து, உதட்டை விலக்கிக் காட்டினாள். பல்லும் ஈறும் சேருமிடத்தில், நகத்தால் கீறியதுபோல் ஒவ்வொரு பல்லிலும் ஒரு பள்ளம். ஈறு மேலே ஏறிப்போய், கீழே மஞ்சளாக வேர் தெரிந்தது. பல்லுக்கு மேலே ஒரு கெட்டி ஓடு உண்டு, வேருக்கு அது கிடையாது என்றாள் டாக்டர். வேரில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கின்றன, ஜில்லென்று எது பட்டாலும் அந்த வழியாக நரம்பைத் தொடும், அதுதான் கூச்சம் என்றாள். ஈறு மூடிக் காப்பாற்றிக்கொண்டிருந்த இடத்தை இவளே தேய்த்துத் திறந்துவிட்டிருக்கிறாள்.

"அப்ப ரத்தம் இல்லியா மேடம்?"

"ரத்தம் இல்லம்மா. கை."

இஸ்திரியக்கா கண்ணாடியை மடியில் வைத்துவிட்டுத் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"புடுங்கணுமா?"

"எதுக்கு? நல்ல பல்லு" என்றாள் டாக்டர். அந்த இரண்டு வார்த்தையில் இஸ்திரியக்காவின் முகம் மாறியதை நான் இன்னும் மறக்கவில்லை.

ஆழமான பள்ளங்களை மட்டும் டாக்டர் அடைத்தாள். மிச்சத்தைக் கைதான் சரிசெய்ய வேண்டும் என்றாள். இருப்பதிலேயே மெதுவான, முடி மிருதுவான பிரஷ். அதைப் பேனாவைப் போல விரல் நுனியில் பிடிக்க வேண்டும். கூச்சத்துக்கென்று இருக்கும் பேஸ்ட்டைப் போட்டு, தேய்த்ததும் நுரையைத் துப்பினால் போதும், வாயை அலசி அலசி அதைக் கழுவிவிடக் கூடாது. புளிப்பாக ஏதாவது சாப்பிட்ட கையோடு பிரஷ்ஷைத் தொடக் கூடாது, தண்ணீரால் கொப்பளித்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். பலன் தெரிய வாரக்கணக்கில் ஆகும், நடுவில் விட்டுவிடக் கூடாது. ஒவ்வொன்றுக்கும் முடிவில் கன்னடத்தில், "மெத்தகே, மெத்தகே" என்றாள். மெதுவாக, மெதுவாக. இஸ்திரியக்கா அந்தச் சொல்லைக் கேட்ட விதத்தைப் பார்த்தால், யாரோ அவளுக்குச் சீன மொழி கற்றுக்கொடுப்பதுபோல இருந்தது.

அவளுடைய பெரியக்காவிடம் சொல்ல நானும் கூடப் போனேன். லைன் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த பெரியவள், எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கையால் வாயை மறைத்துக்கொண்டே பேசினாள்.

"தேச்சா பல்லு கெடுமாடி? அப்பா தப்பா சொல்லிக் குடுத்தாருன்றியா?"

"அவருக்குத் தெரிஞ்சத சொன்னாருக்கா."

"நம்ம வூட்ல யாருக்கும் நிக்காத பல்லு உனக்கு மட்டும் நிக்கப்போவுதா? வலிய வெச்சிகினு கெடக்காத. புடுங்கிட்டா நிம்மதி."

அவள் கெட்டவள் இல்லை. தங்கை வலியில் துடிப்பதைப் பார்க்க முடியாமல்தான் நாள் குறித்திருந்தாள். இஸ்திரியக்காவுக்கும் அது தெரியும். அதனால் ஒரு பேச்சு பேசி முடித்தார்கள். புத்த பௌர்ணமி வரைக்கும் தவணை. அன்றைக்கு விகாரையில் வருகிறவர்களுக்கெல்லாம் ஐஸ் போட்ட ரோஸ் சர்பத் கொடுப்பது அவர்கள் குடும்பத்து வழக்கம். அந்தச் சர்பத்தை இஸ்திரியக்கா அண்ணாந்து ஊற்றிக்கொள்ளாமல், வாய் வைத்து, எல்லார் முன்னாடியும் குடிக்க வேண்டும். முகம் சுளித்தால் மறுநாளே பல் போகும்.

"சரிக்கா" என்றாள். வீட்டை விட்டு வெளியே வந்ததும் என் கையைப் பிடித்தாள். வழக்கம்போல வலித்தது.

முதல் மாதம் படு தோல்வி. மெதுவான பிரஷ்ஷை வாங்கிய மூன்றாம் நாளே அதுவும் படுத்துவிட்டது. "நான் மெதுவாத்தாம்மா தேய்க்கறன். அதுவா படுத்துக்குது" என்றாள். இடது கையால் தேய்த்துப் பார்த்தாள். மூக்கில் நுரை ஏறியது. இரண்டு விரலால் மட்டும் பிடித்துப் பார்த்தாள்; பிரஷ் எகிறிச் சாக்கடையில் விழுந்தது. வண்டியில் உட்கார்ந்ததும் அந்தப் பேஸ்ட்டில் துளி எடுத்துக் கூசுமிடத்தில் விரலால் தடவிக்கொண்டு வாயை மூடிக்கொள்வாள். அது டாக்டரே சொன்னதுதான். அந்த நேரத்தில் பெட்டியில் இருக்கும் அமைதியைப் பார்த்துப் புதிதாக ஏறியவர்கள் யாருக்கோ துக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள். மாங்காய் விற்கிறவர் வந்தால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். இவ்வளவு செய்தும் குளிர்காற்றுப் பட்டால் கன்னம் துடித்தது.

மாசி மாதம் ஒருநாள் காலையில் ஏறினாள். ஷட்டரைத் தொடவில்லை. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "வுட்றன்மா. எனக்கு இந்த மெத்தகே எல்லாம் வராது. பொறந்ததுலருந்து அமுக்கறதுதான் தெரியும். அக்கா சொல்ற மாதிரியே புடுங்கிக்கறன்."

எனக்கு ஆத்திரம் வந்தது. என் மடியில், அண்ணன் மகளின் நிச்சயதார்த்தத்துக்குப் போட்டுக்கொள்ள வாங்கிய சிஃபான் சேலை இருந்தது. கசங்கிப் போயிருந்தது. அவள் கம்பெனியில் ஓய்வு நேரத்தில் இஸ்திரி போட்டுத் தரச் சொல்லக் கொண்டுவந்தது. கோபத்தில் அதை அவள் மடியில் போட்டேன்.

"எல்லாத்தையும் அமுக்கித்தான் தெரியும்னா, இந்தச் சேலைய எப்டிப் போடுவீங்க? பொசுக்கிடுவீங்களா?"

"யாராவது சிஃபானை அமுக்குவாங்களா?" என்றாள், எனக்கு ஒன்றுமே தெரியாது என்ற குரலில். "மேல ஒரு துணி போட்டுட்டு, இஸ்திரிப் பெட்டிய கையிலயே தூக்கிப் புடிச்சிகினு, சும்மா தொட்டும் தொடாமலும் வுட்டுட்டே வரணும். பெட்டியோட எடை துணி மேல எறங்கவே கூடாது. எங்க லைன்ல சிஃபான் வந்தா சூப்பர்வைசர் என்னாண்டதான் குடுப்பாரு, தெரியுமா?"

சொல்லி முடித்துவிட்டு அவளே நிறுத்தினாள். சேலையைப் பார்த்தாள். கையைப் பார்த்தாள். ஒயிட்ஃபீல்டில் இறங்கும்போது, "சாயந்தரம் கொண்டாரன்மா" என்று சேலையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் காலை முகம் வேறாக இருந்தது. "பல்ல சிஃபான்னு நெனச்சிகினு தேச்சேன்" என்றாள். அந்த வாரம் பிரஷ் படுக்கவில்லை. அடுத்த வாரமும் படுக்கவில்லை. தினமும் பையிலிருந்து எடுத்து எங்களுக்குக் காட்டினாள். பெட்டியே அந்த பிரஷ்ஷின் முடி நேராக நிற்கிறதா என்று விசாரித்துக்கொண்டிருந்தது. எங்களுக்கு அதைவிட முக்கியமான சேதி அப்போது இல்லை.

பங்குனி வெயிலில் ஒரு சாயங்காலம், ஒயிட்ஃபீல்டில் அவள் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்ததும் நான் பாட்டிலைத் திறந்தேன். ஆபீஸ் பிரிட்ஜில் வைத்து எடுத்து வந்த தண்ணீர். இஸ்திரியக்கா என் கையிலிருந்து வாங்கினாள். வழக்கம்போல மேலே தூக்குவாள் என்று நான் ஒதுங்கினேன். அவள் தூக்கவில்லை. பாட்டிலை உதட்டில் வைத்தாள். ஒரு வாய் உறிஞ்சினாள். நிறுத்தினாள். கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. இன்னொரு வாய். அப்புறம் பாட்டில் முழுவதையும் குடித்து முடித்து, காலி பாட்டிலை என்னிடம் நீட்டினாள்.

"எனக்கு ஒரு சொட்டு வெக்கலியே" என்றேன்.

சிரித்தாள். பல் அத்தனையும் தெரிய, பக்கத்துப் பெட்டி எட்டிப் பார்க்கிற சிரிப்பு. நான் அழுதுகொண்டிருந்தேன் என்பதைப் பிறகுதான் கவனித்தேன்.

புத்த பௌர்ணமியன்று காலையிலேயே அனல். விகாரை வாசலில் பந்தல் போட்டு, பெரிய டிரம்மில் சர்பத் கலக்கியிருந்தார்கள். ஐஸ் பாளங்கள் ரோஸ் நிறத்தில் மிதந்தன. வந்தவர்கள் கும்பிட்டுவிட்டு டம்ளரோடு நிழலில் நின்றார்கள். பெரியவள் டிரம்முக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். மத்தியானம் கூட்டம் கொஞ்சம் குறைந்ததும், அவளே ஒரு டம்ளர் எடுத்து, அடியிலிருந்து மொண்டு, மேலே ஐஸ் மிதக்கத் தங்கையிடம் நீட்டினாள். விஷயம் தெரிந்தவர்கள் எல்லாரும் பந்தலுக்குக் கீழே வந்துவிட்டார்கள். வீட்டுக்காரர், பொருந்தாத பொத்தான்களோடு, தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

இஸ்திரியக்கா டம்ளரை வாங்கினாள். அண்ணாக்கவில்லை. வாயை வைத்தாள். ஒரேயடியாகக் குடித்துத் தீர்க்கவும் இல்லை. ஒரு வாய் எடுத்து, வாயிலேயே வைத்திருந்து, முன்பல்லில் படவிட்டு, பெரியவளின் கண்ணைப் பார்த்துக்கொண்டே விழுங்கினாள். மறுபடி ஒரு வாய். கடைசிச் சொட்டுவரை அப்படியே குடித்தாள். முகத்தில் ஒரு சுருக்கம் விழவில்லை. காலி டம்ளரைக் கவிழ்த்துக் காட்டிவிட்டு, "இன்னொண்ணு குடுக்கா, நல்லா இருக்குது" என்றாள்.

பந்தலில் விசில் பறந்தது. யாரோ பறையைத் தட்ட ஆரம்பித்தார்கள். என்னைத் தெரியாத பெண்களெல்லாம் என்னைக் கட்டிப்பிடித்தார்கள். வீட்டுக்காரர் தூணை விட்டுவிட்டு வந்து, மனைவி கையிலிருந்த டம்ளரை வாங்கித் தானும் சர்பத் மொண்டு குடித்தார். நான் என் வாழ்க்கையில் பார்த்த ஜெயங்களில் அதைவிடப் பெரிது எனக்குச் சட்டென்று ஞாபகம் வரவில்லை.

பெரியவள் மட்டும் பந்தலில் இல்லை.

தேடிக்கொண்டு வீட்டுக்குப் போனோம். அவள் பின்பக்கம், அந்தப் பழைய குழாயடியில், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தாள். தோற்ற கோபம் என்று நினைத்து நான் பின்னாலேயே நின்றுவிட்டேன். இஸ்திரியக்கா போய்ப் பக்கத்தில் நின்றாள்.

"கீழ்வரிசை இன்னும் என்னுதுதான்டி" என்றாள் பெரியவள், திரும்பாமலே.

"இன்னாக்கா?"

"மேலதான் செட்டு. கீழ இருக்கறதெல்லாம் என் பல்லு. தண்ணி பட்டா உசுரு போவுது. யாராண்டயும் சொல்லல. சொன்னா நானும் போயி அந்த நாற்காலில உக்காரணுமில்ல." குழாயைத் திறந்து மூடினாள். "அந்த பிரஷ்ஷு இதுக்கும் ஆவுமா?"

இஸ்திரியக்கா தோள்பையைத் திறந்தாள். கவர் பிரிக்காத மெதுவான பிரஷ் ஒன்று உள்ளே இருந்தது. எத்தனை நாளாக அதை எடுத்துக்கொண்டு திரிந்தாளோ தெரியாது. கவரைப் பிரித்து, பேஸ்ட் வைத்து, அக்காவின் கையில் கொடுத்தாள். பெரியவள் அதை முஷ்டியில் பிடித்தாள். இஸ்திரியக்கா அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, பேனா பிடிக்கிற மாதிரி மாற்றி வைத்தாள்.

"மெத்தகேக்கா. அமுக்காத."

"இவ சொல்றா பாரு" என்றாள் பெரியவள் என்னைப் பார்த்து. ஆனாலும் மெதுவாகத்தான் தேய்த்தாள். தேய்த்து, துப்பி முடித்ததும், பழக்கத்தில் ஈர விரலைப் பல்லுக்குக் கொண்டுபோனாள். ஒரு இழுப்பு இழுத்துவிட்டுக் காத்திருந்தாள்.

"சத்தம் வரலியேடி."

இஸ்திரியக்கா அந்த விரலைப் பிடித்தாள். ஊறுகாய் பாட்டிலையும் ஷட்டரையும் என் கையையும் பிடித்த அதே கைதான். எடையே இறங்காமல் பிடித்திருந்தாள்.

"வர வேணாங்க்கா. நாளைக்கு வண்டில என்கூட கோலாருக்கு வா, டாக்டரம்மா பாக்கட்டும். பாவம், அப்பாவுக்கு இது தெரியாது. நமக்குத் தெரிஞ்சிபோச்சு."

"கோலாருக்கு ஏதுடி அந்த வண்டி? பஸ்ல இல்ல போவணும்" என்றாள் பெரியவள்.

அக்கா சொன்னதைக் கேட்டு முதலில் சிரித்தது இஸ்திரியக்காதான். அப்புறம் பெரியவளும் சிரித்தாள். வாய்க்குக் கொண்டுபோன கையை, பாதியிலேயே கீழே விட்டுவிட்டாள். இரண்டு பேரும் சிரித்த சத்தத்துக்குப் பக்கத்து வீட்டுக் கதவு திறந்து, யாரோ எட்டிப் பார்த்தார்கள்.